வீட்டுக்காரர் வேலை செய்யும் பாய்மரப் படகில் ஏழு நாள்: ஸ்ப்ளிட் முதல் டுப்ரோவ்னிக் வரை

போன வருஷம், 2008 ஆகஸ்ட் லீவில், அட்ரியாட்டிக் கடலில் ஒரு பாய்மரப் படகில் ஏழு நாள் போனேன். இலங்கையில், இரத்தினபுரி நிவித்திகலவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்புக்குப் படிப்பிக்கிற டீச்சருக்கு அந்தக் கடலில் என்ன வேலை என்று கேட்பீர்கள். எங்கள் ஸ்டாஃப் ரூமிலும் அதைத்தான் கேட்டார்கள். படகு ஒரு ஆஸ்திரிய நாட்டுப் பல் டொக்டருடையது. என் வீட்டுக்காரர் அதில் வேலை செய்கிறார், அவ்வளவுதான் சம்பந்தம்.

இவர் முன்பு எங்கள் தோட்டத்து பெக்டரியில் எஞ்சின் பார்த்தவர். 2002இல் மால்டாவில் படகு திருத்தும் யார்டு ஒன்றுக்குப் போனார். அங்கே படகைத் திருத்தக் கொடுத்த டொக்டர், இவருடைய கைவேலையைப் பார்த்துவிட்டுத் தன் படகுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார். கோடை ஆறு மாதம் கடலில், மிச்ச மாதங்கள் யார்டில். ஆறு வருஷத்தில் 2005இல் ஒரே ஒரு தடவை, மூன்று வாரம், வீட்டுக்கு வந்தார். அவர் போகும்போது எங்கள் மகள் தர்ஷினிக்கு மூன்று வயது. நான் படகுக்குப் போனபோது ஒன்பது. நான் கிளம்பும் அன்று அவள் வாசலில் நின்று, “அப்பாவ கூட்டிக்கிட்டு வாங்கம்மா” என்றாள். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், நான் போனதும் அதற்குத்தான். ஊர் பார்க்க ஆசைப்பட்டுப் போகவில்லை. பத்து பேர்ச் காணியில் வீடு கட்டத்தான் அவர் வெளிநாடு போனார். கூரை போட்டாயிற்று, பூச்சு வேலை மட்டும் பாக்கி. இனி வந்தால் என்ன?

விசா பற்றி நிறையப் பேர் கேட்டீர்கள். அப்போது குரோஷியாவுக்குக் கொழும்பில் விசா கிடைக்கவில்லை. என் பாஸ்போர்ட் டெல்லி போய்த் திரும்ப ஐந்து வாரமாயிற்று. டொக்டர் அனுப்பிய அழைப்புக் கடிதம் இல்லாவிட்டால் அதுவும் நடந்திருக்காது. வழியில் வியன்னாவில் விமானம் மாறவும் தனி அனுமதி வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். அதோடு நீங்கள் டீச்சர் என்றால், வெளிநாட்டு லீவுக்கு இரண்டு மாதம் முன்பே எழுதிப் போடுங்கள். என்னுடையது கிளம்புவதற்கு முந்தின நாள்தான் கைக்கு வந்தது.

நிவித்திகலவிலிருந்து கட்டுநாயக்க ஏர்போர்ட்டுக்கு வேன் வாடகை ஏழாயிரம் ரூபாய், ஐந்து மணித்தியாலம். வேன் ஓட்டியது பக்கத்து வீட்டுச் சுனில் அய்யா. அவிசாவளை தாண்டி ஒரு சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். என் அடையாள அட்டையையும் பாஸ்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்த பொலிஸ்காரர் எங்கே பயணம் என்று கேட்டார். “மஹத்தயா லங்கட” என்றேன். சிங்களத்தில் வீட்டுக்காரரிடம் போகிறேன் என்று அர்த்தம். இவ்வளவு தூரமா என்று சிரித்துவிட்டு விட்டார். தமிழ்ப் பேர் போட்ட அட்டைக்கு, சண்டை நடந்த அந்த வருஷத்தில் ஒரு சிரிப்புக் கிடைத்ததே பெரிய காரியம்.

டோஹா, வியன்னா, அதற்குப் பிறகு ஸ்ப்ளிட். ஏர்போர்ட் வாசலில் நின்றார். மூன்று வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறோம். “மெலிஞ்சிட்ட” என்றார். “நீங்க கறுத்துட்டீங்க” என்றேன். பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். நாங்கள் கொஞ்சிக் குலாவும் ஆட்கள் இல்லை. டவுனுக்கு பஸ் முப்பது குனா, அரை மணித்தியாலம். ஒரு குனா அப்போது நம்முடைய இருபத்திரண்டு ரூபாய்.

டொக்டருடைய விருந்தாளிகள் ஸ்ப்ளிட்டில் இறங்கிவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமை டொக்டர் டுப்ரோவ்னிக்கில் ஏறுவார். இடையில் வெறும் படகைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அந்த ஏழு நாள்தான் எனக்குக் கிடைத்தது. படகில் கப்டன் இவோ, இவர், நான், மூன்றே பேர். நீளம் பன்னிரண்டு மீட்டர். எங்களுக்குத் தந்த அறையில் ஒருவர் உடை மாற்றினால் மற்றவர் வெளியே நிற்க வேண்டும். தோட்டத்து லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் எட்டுப் பேரோடு படுத்து வளர்ந்தவள் நான், எனக்கு அது ஒன்றும் புதிதில்லை. ஆனால் இந்த மாதிரிப் படகை வாடகைக்கு எடுக்க வாரம் மூவாயிரம் யூரோ என்று இவர் சொன்னபோது வாயடைத்துப் போனேன். லயத்தில் நாங்கள் சும்மா அனுபவித்த நெருக்கடிக்கா இவ்வளவு காசு!

முதல் நாள் பிராச் தீவில் உள்ள மில்னாவுக்கு, பதினொரு கடல் மைல், மூன்று மணித்தியாலம். அன்றைக்கே கேட்டுவிடலாம் என்றுதான் ஏறினேன். ஏறி அரை மணித்தியாலத்தில் குடல் வாய்க்கு வந்துவிட்டது. மாத்திரையைக் கிளம்ப ஒரு மணித்தியாலம் முன்பே போடுங்கள், என்னைப் போல வாந்தி வந்த பிறகு தேடாதீர்கள். இவர் ஈரத் துணியால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். அந்தக் கோலத்தில் என்னத்தைக் கேட்பது?

இரண்டாம் நாள் ஹ்வார், பதினைந்து கடல் மைல். படகைத் துறையில் கட்டி வைக்க ஒரு ராவுக்கு 480 குனா. கோப்பி பதினைந்து குனா, குடிக்காமல் வந்தேன். தண்ணீர் தொட்டி முந்நூறு லீட்டர்தான், அதனால் சட்டி பானையெல்லாம் முதலில் கடல் தண்ணீரில் கழுவ வேண்டும். இரத்தினபுரி மழையில் நனைந்தே வளர்ந்தவளுக்கு ஒரு குவளைத் தண்ணீரில் குளிக்கப் படிப்பித்தார் இவர். அன்று முழுக்க இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எஞ்சின் வேகத்தைக் கூட்டலாமா என்று கப்டன் இவரிடம் கேட்கிறார். இவர் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, கொஞ்சம் பொறு என்கிறார். கப்டன் பொறுக்கிறார். பெக்டரியை நடத்துகிற அதிகாரி, டீ மேக்கர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்ற மனுஷனா இது? எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் இந்த ஆளை எப்படிக் கிளப்பிக்கொண்டு போவேன்?

மூன்றாம் நாள் வேலா லூக்கா, இருபத்தொரு கடல் மைல், நல்ல காற்று. எஞ்சினை நிறுத்திப் பாயை ஏற்றினார்கள். சும்மா சொல்லக்கூடாது, பயணத்தின் அருமையான நேரம் அதுதான். தண்ணீர் உரசும் சத்தம் மட்டும். இவர் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றார். நல்ல வார்த்தை ஒன்று சொல்வோமே என்று, “இங்க நீங்க நல்லா இருக்கீங்க” என்றேன். தலையை ஆட்டினார். பல நாள் கழித்து யோசித்தால், நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

நாலாம் நாள் கோர்ச்சுலா, இருபத்துநாலு கடல் மைல். டவுனுக்குப் பக்கத்து வளைவில் நங்கூரம் போட்டோம். கப்டன் சின்னப் படகில் ரொட்டி வாங்கக் கரைக்குப் போயிருந்தார். இவர் தண்ணீரில் இறங்கி முன் பக்கத்தில் படகின் அடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் பின்னால் நின்று துணி காயப் போட்டேன். திடீரென்று காற்று கூடியது. பார்த்தால், பக்கத்துப் படகு கிட்டக் கிட்ட வருகிறது. வருவது அது இல்லை, நங்கூரம் இழுபட்டு நாங்கள்தான் போகிறோம். “இந்தாங்க!” என்று கத்தினேன். “ஏங்க!” என்றேன். காற்றில் அது யாருக்குக் கேட்கும்? கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் இவர் பேரை நான் வாயால் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் சொல்ல மாட்டாள். பாடசாலைப் படிவத்தில் எழுதுவதோடு சரி. பின்னால் இருந்த படகுக்காரர்கள் கைகளை ஆட்டத் தொடங்கிவிட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு “செல்வராஜ்!” என்று கத்தினேன்.

தலையைத் தூக்கினார். ஏணியைப் பிடித்து ஏறி, எஞ்சினைப் போட்டு, படகை முன்னே எடுத்து, நங்கூரத்தைத் தூக்கி மறுபடியும் போட்டார். எல்லாம் பத்து நிமிஷம். பிறகு சொட்டச் சொட்ட என் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார். “இன்னொருக்கா கூப்புடு” என்றார். நான் துணிக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். புதுக் கல்யாணத்தில் கூட நாங்கள் அப்படிச் சிரித்ததில்லை. அப்போது கேட்டிருக்க வேண்டும். பேர் சொல்லிக் கூப்பிட வந்த வாய்க்கு, வீட்டுக்கு வாங்க என்று சொல்ல வரவில்லை.

ஐந்தாம் நாள் ம்ல்யெட் தீவில் பொலாச்சே, பத்தொன்பது கடல் மைல், நாலு மணித்தியாலம். தீவின் பாதி தேசியப் பூங்கா, டிக்கட் தொண்ணூறு குனா. காட்டுக்குள் இரண்டு ஏரிகள் இருக்கின்றன, தவறவிடாதீர்கள். பின்னேரம் நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். நான் கொண்டுபோன மிளகாய்த் தூளில் வைக்கும் பருப்புக்குக் கப்டன் அடிமையாகிவிட்டிருந்தார். இவருக்குப் போன் வந்தது. முன் பக்கம் போய் நின்று நேரம் எடுத்துப் பேசினார். திரும்பி வந்ததும் யார் என்று கேட்டேன். டொக்டர், எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றியாயிற்றா என்று கேட்டார் என்றார். சொல்லிவிட்டுப் போகாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? பருப்புக்கு உப்புப் போதுமா, ருசி பாருங்கள் என்று கரண்டியை நீட்டினேன்.

ஆறாம் நாள் ஷிபான் தீவு, இருபது கடல் மைல். இதற்கு மேல் நாள் இல்லை. பின்னேரம் ஆறு மணிக்கு இரண்டு பேரும் கரையில் நடந்தோம். ஒலிவ் தோட்டத்துக்கு நடுவே ஒரு ஒற்றையடிப் பாதை. ஒரு வழியாக வாயைத் திறந்தேன். அப்போதும் நான் கூப்பிடுவதாகச் சொல்லவில்லை.

“தர்ஷினி உங்கள கூட்டிக்கிட்டு வரச் சொன்னா” என்றேன்.

நின்றுவிட்டார். “இத ஏன் இன்னைக்கு சொல்ற?”

“இன்னைக்கு சொன்னா என்ன?”

“நேத்து டொக்டர் எண்ணெயப் பத்தி கேக்கல. இன்னும் ரெண்டு வருஷம் இருப்பியான்னு கேட்டாரு. சரின்னுட்டேன்.”

“என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?”

“நீ வந்து எறங்குனதுல இருந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன். வாங்க போவம்னு ஒரு வார்த்த சொல்லுவன்னு. நீ எங்க சொன்ன? இங்க நல்லா இருக்கீங்கன்னுதானே சொன்ன. சரி, வீட்டு வேல முடியட்டும்னு நீயும் நெனக்கிறாப்ல இருக்குன்னு விட்டுட்டேன்.”

எனக்குப் பாதை மங்கலாகத் தெரிந்தது. ஆறு நாளாக நான் அவர் வாயைப் பார்த்தேன், அவர் என் வாயைப் பார்த்தார். இவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

“இன்னும் பேப்பர் ஒன்னும் போடல. இப்ப எடுத்து வேணாம்னு சொல்லவா?”

சொல்லுங்க, சொல்லுங்க என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. வாயில் வந்தது வேறு.

“உங்க இஷ்டம்.”

எங்கள் வீடுகளில் ஒரு பெண் ஆசைப்பட்டதைக் கேட்கும் விதமே அதுதான். சேலைக் கடையிலும் அதைத்தான் சொல்வோம், சம்பந்தம் பேச வரும்போதும் அதைத்தான் சொல்வோம். கேட்கிறவருக்கு விளங்க வேண்டும். ஆனால் இவர் ஆறு வருஷமாக ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்று சொல்லும் ஆட்களோடு இருக்கிறவர். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். படகுக்குத் திரும்பினோம்.

ஏழாம் நாள் டுப்ரோவ்னிக், பதினொரு கடல் மைல். ஏழு நாளும் சேர்த்தால் நூற்றி இருபத்தொரு கடல் மைல், இரத்தினபுரியிலிருந்து கொழும்புக்குப் போய்வருகிற தூரத்துக்குக் கொஞ்சம் கூட. கோட்டை மதிலில் சுற்றி நடக்க ஐம்பது குனா, இரண்டு கிலோமீட்டர். இவருக்குப் படகு கழுவும் வேலை இருந்ததால் நான் தனியாகத்தான் நடந்தேன். மறுநாள் டொக்டர் வந்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கி, உங்கள் கணவர் தங்கமான ஆள் என்றார். அவர் மேல் கோபப்படலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. நல்ல மனுஷன்.

நிவித்திகல வந்து சேர்ந்தபோது தர்ஷினி ஓடி வந்தாள். முதலில் வேனுக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு என் பையை வாங்கிக்கொண்டாள்.

போகப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் அதிகம், ஜூன் நல்லது என்று கப்டன் சொன்னார். படகில் செருப்போடு ஏற விடமாட்டார்கள். சக்கரம் வைத்த பெட்டி வேண்டாம், வைக்க இடமில்லை, துணிப் பை போதும். மிளகாய்த் தூள் கொண்டுபோங்கள். சம்பளத்தில் பிடித்தாலும் பரவாயில்லை, லீவை இரண்டு நாள் கூட்டியே எடுங்கள்.

கணவர் வேலை செய்கிற நாட்டுக்குப் போகிற பெண்களுக்கு இன்னும் ஒன்று. என்ன கேட்கப் போகிறீர்களோ, அதை ஏர்போர்ட் வாசலிலேயே கேளுங்கள். பை கையில் இருக்கும்போதே கேளுங்கள். பிள்ளை சொன்னாள் என்று பிள்ளை தலையில் போடாதீர்கள். அவர் போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால், நேராகப் பதில் சொல்லுங்கள்.

இதைப் பெல்மதுளையில் ஒரு கொம்யூனிகேஷன் கடையில் இருந்து டைப் செய்கிறேன், ஒரு மணித்தியாலத்துக்கு அறுபது ரூபாய். இவர் கரையில் இறங்கும்போதெல்லாம் இந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதாகப் போனில் சொன்னார். ஊரே வாசிக்கிற இடத்தில் எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன். ரெண்டாவது வருஷம் வேணாங்க. பூச்சு வேலை கெடக்கட்டும். இது தர்ஷினி சொன்னதில்ல, நான் சொல்றேன். இது என் இஷ்டம். வீட்டுக்கு வாங்க.