ஃபெலிக்ஸ் துடைக்காத கண்ணாடி

ஃபெலிக்ஸ் என்ற பேரை நான் முதலில் கேட்டது ஒரு கல்யாணப் பந்தியில், என் நாத்தனார் ஆக்னஸ் வாயால். என் தம்பி மகள் தெரசாவுக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். "பையன் எல்லாம் தெரிஞ்சவன் அண்ணி" என்றாள். என்ன வேலை என்று கேட்டேன். பரிமாறுகிறவனைக் கூப்பிட்டு என் இலையில் இன்னொரு அப்பளம் வைக்கச் சொன்னாள். அப்போதே எழுந்து கை கழுவியிருக்க வேண்டும். பாயசம் வரவில்லையே என்று உட்கார்ந்துவிட்டேன்.

அவன் அப்பா என் வீட்டுக்காரருக்குச் சித்தி மகன். பட்டாபிராமில் ரேடியோ ரிப்பேர் செய்கிறேன் என்று அந்த ஆள் பிரித்துப் போட்டது எதுவும் மறுபடி பாடியதில்லை. அந்த ரத்தம்தானே இதுவும்.

கல்யாணம் முடிந்து எங்கள் ஊர் திருநின்றவூரிலேயே குடித்தனம். தெரசா எக்ஸ்போர்ட் கம்பெனியில் நாள் முழுக்க நின்றபடி துணி வெட்டி முட்டி வீங்கிப்போனாள். நம்ம ஃபெலிக்ஸ் துரை வீட்டில் இருந்து உலகத்துக்கு யோசனை சொன்னார். கடைசியில் ஒரு பழைய கார் வாங்கினார்கள். அம்பத்தூரில் ஒரு ஐ.டி. கம்பெனிக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் வேலை. ஜூனில் காரைப் பார்த்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அது கிடைத்தால் தெரசா உட்காரலாம்.

ஈஸ்டருக்கு மறு ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் காரை மந்திரித்தார்கள். ஃபாதர் தீர்த்தம் தெளித்தார். முன் கண்ணாடியெல்லாம் சொட்டு. தெரசா முந்தானையை எடுத்தாள்.

"ஏய், கை வெக்காத! தீர்த்தம் பட்ட எடம்" என்று ஃபெலிக்ஸ் தடுத்தான்.

ஃபாதரே சிரித்துவிட்டார். "தொடைச்சிடுப்பா. ஆசீர்வாதம் கண்ணாடிக்கு இல்ல, ஓட்டுற உனக்கு."

"அவருக்குத் தெரியாது பெரீம்மா" என்று என் காதில் சொன்னான். சாமியாருக்குத் தீர்த்தம் தெரியாதாம்.

அன்றிலிருந்து தினமும் நடு வெயிலில், தெருவே பார்க்க, காரைக் கழுவினான். எங்கள் ஊர் போர் தண்ணீர் குடத்திலேயே வெள்ளையாய்ப் படியும். காரின் உடம்பெல்லாம் துணி போட்டுத் துடைப்பான். முன் கண்ணாடிக்கு மட்டும் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கும்பிடு போடுவான். இரண்டு மாதம் மழையும் இல்லை. கண்ணாடிக்கு அம்மை போட்டதுபோல் ஆகிவிட்டது. அதை விரலால் சுரண்டினாலும் போகவில்லை.

ஜூன் வந்தது; மறுநாள் கம்பெனியில் காரைக் காட்ட வேண்டும். தெரசா வினிகரில் துணியை நனைத்து, நிழலில் நின்ற காரின் முன் கண்ணாடியில் ஒரு மூலையில் ஒட்டவைத்தாள். சோறு வடிக்கும் நேரம் கழித்து எடுத்துத் துடைத்தாள். ஒரு சாண் இடம் புதுசாய்ப் பளிச்சென்றது.

"இந்தா பாருங்க, போச்சு. மீதியும் இப்டியே போட்டுடலாம்."

"இன்னாடி இது, கண்ணாடியா, ஊறுகாயா? இதெல்லாம் ஆம்பள வேல. ஊட்டுக்குள்ள போ."

"நைனா, அவதான் எடுத்துக் காட்டிட்டாளே" என்றேன்.

"பெரீம்மா, உனக்கு காரப் பத்தி இன்னா தெரியும்?"

எனக்குத் தெரியாதுதான். ஆனால் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எதற்கு வாங்குகிறோம் என்று தெரியும். அவன் அதையும் சபீனா பவுடரையும் எடுத்துப் போய் ஒரு மணி நேரம் தேய்த்தான். புள்ளி போனது. ஈரம் காய்ந்ததும் வட்டம் வட்டமாய்க் கீறல், சிலந்தி வலை பின்னியதுபோல்.

"தொலைவுல பாத்தா தெரியல இல்ல?" என்றான். கார் ஓட்டுகிறவன் கண்ணாடியைத் தெருக்கோடியிலிருந்தா பார்ப்பான்?

கம்பெனியில் காரைப் பார்க்க வந்த ஸ்ரீகாந்த் என்ற பையன் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து வண்டியைக் காலை வெயிலுக்கு நேராகத் திருப்பினான். உடனே இறங்கினான்.

"அண்ணா, எதிர்ல வர்றது லாரியா மாடான்னே தெரியல. பொம்பளப் புள்ளைங்கள இதுலயா ஏத்துறது? மொதல்ல கண்ணாடிய மாத்துங்க."

"மந்திரிச்ச கண்ணாடி சார், அதெல்லாம் ஒண்ணும் ஆவாது."

ஸ்ரீகாந்த் அடுத்த காருக்குப் போய்விட்டான். ஃபெலிக்ஸ் வீட்டுக்கு வந்து, அவனுக்குக் கண் கோளாறு என்றான்.

தெரசா கண்ணாடியை மாற்றினாள். ஆவடியில் ஓட்டப் பழகி லைசன்ஸ் எடுத்தாள். அதே ஸ்ரீகாந்திடம் போய் நின்றாள். இப்போது அந்தக் கம்பெனிக்குக் கார் ஓட்டுகிறாள், உட்கார்ந்துதான் வேலை செய்கிறாள்.

ஃபெலிக்ஸ் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனி வாசலில் வாட்ச்மேனாக இருக்கிறான்.