பதினாலாம் நம்பர் அட்டை

செட்டிகுளம் சந்தையில மரவள்ளி விக்கிற மனுசியிட்டக் கேட்டாலும் சொல்லுவா. "சுப்பம்மா கூட்டத்தில மைக்கைப் பிடிச்சு, புருசனுக்கு நஞ்சு வைக்கப் போறன் எண்டு சொன்னவளாம். அந்தாள் இப்ப தேத்தண்ணியைக்கூட அவளுக்குக் குடுத்துப் பாத்திட்டுத்தான் குடிக்குதாம்." இந்தக் கதை ஓமந்தைக்குப் போய்ச் சேரேக்குள்ள அதுக்குள்ள பொலிசும் வந்திட்டுது. இன்னும் ரெண்டு பஸ் மாறினா மாயாண்டி அண்ணைக்குச் செத்தவீடும் அந்தியேட்டியும் முடிஞ்சிடும்.

நான் கூட்டத்தண்டைக்கு ஓட்டோவை வாசலில விட்டிட்டு மண்டபத்துக்குள்ள நிண்டனான். நடந்ததை நடந்தபடி சொல்லுறன். கொஞ்சம் கூட்டிக் கதைக்கிறது என்ர பழக்கம்தான், இதில கூட்டத் தேவையில்லை. உள்ளதே காணும்.

சுப்பம்மாக்காவுக்கு இப்ப ஐம்பது வயது. எழுபத்தேழுக் கலவரத்தில மலைநாட்டில இருந்து தாய் தேப்பன் ஓடி வரேக்குள்ள அவா தேப்பன்ர தோளில இருந்தவா. கிளிநொச்சிப் பக்கம் வளந்து, மாயாண்டி அண்ணையைக் கட்டி, ஒரு மகளைப் பெத்து, பிறகு எல்லாரையும் போல மூட்டை தூக்கி, முகாமில கிடந்து, கடைசியில எங்கட பக்கம் வந்து காணி வெட்டி இருந்தவையள். மகள் முல்லைத்தீவில கலியாணம் கட்டிப் போயிட்டாள். இங்க அவாவும் அந்தாளும் ஒன்பது ஆடும்தான்.

நாலு வருசத்துக்கு முந்தி மாயாண்டி அண்ணைக்குக் கிட்னி ரெண்டும் பழுதாப் போச்சு. கிழமைக்கு ரெண்டு தரம் வவுனியாவுக்குக் கொண்டுபோய் மெசினில ரத்தம் சுத்தம் பண்ண வேணும். ஏத்தி இறக்கிறது நான். அந்த வருத்தத்தில பெரிய கொடுமை ஊசி இல்லை, தண்ணி. ஒரு நாளைக்கு அரை லீற்றருக்கு மேல குடிக்கக் கூடாது. தேத்தண்ணியும் சொதியும் அதுக்குள்ளதான். கூடக் குடிச்சா நெஞ்சுக்குள்ள நீர் கட்டி மூச்சு நிண்டிடும். சுப்பம்மாக்கா ஒரு சோடாப் போத்தலில மையால கோடு கீறி, காலமை நிரப்பி வைப்பா. மிச்சத் தண்ணியெல்லாம் குசினிக்குள்ள பூட்டு.

போன வருசத்துக்கு முதல் வருசம், சித்திரை வெயில். நல்ல மத்தியானம். அந்தாள் கெஞ்சியிருக்கு, ஏசியிருக்கு, கோப்பையைத் தூக்கி எறிஞ்சிருக்கு. அவா குடுக்கேல்லை. விறகு பொறுக்கப் போயிட்டு வந்து பாத்தா, மனுசன் ஆட்டுக்கு வைச்ச வாளிக்குள்ள முகத்தை வைச்சுக் குடிச்சுக்கொண்டு கிடக்குது. அண்டைக்கு நான் ஓட்டோவை எப்பிடி ஓடினனான் எண்டு எனக்கே தெரியாது. பின்னால அந்தாள் இழுத்த மூச்சு இப்பவும் காதுக்குள்ள கேக்கும். சுப்பம்மாக்கா அழேல்லை. வாளியைக் கையிலயே கொண்டு வந்திருந்தவா. ஆஸ்பத்திரி வாசலில இறங்கேக்குள்ளதான் அது கையில இருக்கிறது அவாவுக்கே தெரிஞ்சது.

அதுக்குப் பிறகுதான் கம்பஸ்ஸில இருந்து சுதாஜினி எண்டொரு பிள்ளை ஆராய்ச்சிக்கு வந்தது. நோயாளியைப் பாக்கிறவையளிட்டக் கதை கேக்கிற ஆராய்ச்சி. படிவத்தில கையெழுத்து வைக்கச் சொல்ல சுப்பம்மாக்கா பேனையைத் திருப்பிக் குடுத்திட்டா. ஆர் பேர் பதிய வந்தாலும் அவா அப்பிடித்தான்.

"பேர் வராது அக்கா. இலக்கம் மட்டும்தான் வரும்" எண்டுது பிள்ளை.

"இலக்கம் முகாமிலயும் தந்தவங்கதான்" எண்டவா அக்கா.

இருந்தாலும் கதைச்சவா. ஏன் கதைச்சவா? வருத்தம் வந்த நாள் தொடக்கம் எல்லாரும் "அவருக்கு எப்பிடி" எண்டுதான் கேட்டவையள், நான் உட்பட. அந்தப் பிள்ளைதான் கதிரையை இழுத்துப் போட்டு "உங்களுக்கு எப்பிடி" எண்டு கேட்டது. போனில பதிவு ஓட ஓட, வாயில இருந்து எல்லாம் கொட்டுப்பட்டுப் போச்சு.

ஒரு வருசம் கழிச்சு சுதாஜினி திரும்பி வந்தாள். ஆராய்ச்சியில கண்டதை ஊருக்குச் சொல்ல வேணுமாம். கம்பஸ்காரர் சொன்னா ஆக்கள் கொட்டாவி விடுவினம், வருத்தக்காரரும் அவையளைப் பாக்கிறவையளும் சேந்து சொன்னாத்தான் கேப்பினமாம். அஞ்சு பேரைத் தெரிஞ்சு எடுத்தாள். சுப்பம்மாக்கா ஒராள். விமலேஸ்வரி மாமி இன்னொராள். மாமியின்ர மகன் கிருசாந்தனுக்கும் இதே வருத்தம். அவனைப் பாக்கிறது மாமியும் மருமகள் நிரோஜாவும். ரெண்டு பேரிட்டயும் சுதாஜினி முதலே கதை கேட்டிருந்தவள்.

பாயை விரிச்சு ஆக்கள் சொன்ன வசனங்களை அட்டை அட்டையாப் பரப்பி, "கூட்டத்தில எதை வாசிக்க வேணும் எண்டு நீங்களே எடுங்கோ" எண்டாள் சுதாஜினி. மற்ற நாலு பேரும் ஒரே அட்டையில கை வைச்சவையளாம். அதில இப்பிடி இருந்தது:

"தண்ணி தண்ணி எண்டு கெஞ்சுவார். குடுக்கேலாது. இந்த மனுசன் செத்தா நல்லம் எண்டு நினைச்சனான். பராமரிப்பாளர் 14, பெண்."

சுப்பம்மாக்கா பாயில இருந்தபடியே விறைச்சுப் போனா. தன்ர வாயால வந்த சொல்லு, அச்சடிச்சு, மட்டையில ஒட்டி, முன்னால கிடக்குது. வேண்டாம் எண்டு சொன்னா, ஏன் வேண்டாம் எண்டு கேப்பினம். சொல்லாட்டி, கூட்டத்துக்கு மாயாண்டி அண்ணை வருவார், கேப்பார். அவரைவிட வேற ஆருக்கு அது விளங்கப் போகுது? அவாவும் கையை நீட்டி அந்த அட்டையையே தொட்டவா.

அண்டைக்குப் பின்னேரம் விமலேஸ்வரி மாமி என்ர ஓட்டோவில ஏறினா. அட்டைக் கதையைச் சொல்லி, "அது ஆராயிருக்கும் தம்பி?" எண்டு கேட்டா. நான் சும்மா இருந்திருக்கலாம். "வயசு போன பொம்பிளையள் உப்பிடி நினையாயினம் மாமி. இளசுகளுக்குத்தான் உந்த யோசினை வரும்" எண்டு ஒரு பகிடி விட்டன். மாமி வீட்டு வாசலில இறங்கி, முத்தம் கூட்டிக்கொண்டு நிண்ட மருமகளை ஏற இறங்கப் பாத்தா.

மூண்டு நாளில ஊருக்குள்ள அந்தப் பதினாலு நிரோஜாதான் எண்டு கதை ஆகிப் போச்சு. மாமி மருமகளின்ர கையால மகனுக்குச் சோறு போட விடுறேல்லை. தண்ணிப் போத்தலைத் தன்ர அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டிப் போட்டா. நிரோஜா சுப்பம்மாக்காட்ட வந்து அழுதிருக்கிறாள். "அக்கா, நான் அப்பிடி ஒருநாளும் சொல்லேல்லை. நீங்கள் அந்தப் பாயில இருந்தனீங்கள்தானே, சொல்லுங்கோவன்."

சுப்பம்மாக்கா ஆட்டுக்குக் குழை ஒடிச்சுக்கொண்டே நிண்டவா. திரும்பிப் பாக்கேல்லையாம்.

கூட்டத்துக்கு ரெண்டு கிழமை இருந்தது. அந்த ரெண்டு கிழமையும் அவாவைப் பாக்கவே பயமா இருக்கும். மாயாண்டி அண்ணை "சுப்பு" எண்டு கூப்பிட்டா கையில இருக்கிறது விழும். ஒருநாள் "என்னடி, குளிசை நிறம் மாறியிருக்கு" எண்டு கேட்டிருக்கிறார். கிளினிக்கில மாத்திக் குடுத்த குளிசைதான். அவா குளிசையைத் தன்ர வாயில போட்டுக் காட்டியிருக்கிறா. அந்தாள் அவாவின்ர முகத்தையே பாத்துக்கொண்டு இருந்ததாம்.

அக்கா சுதாஜினிக்குப் போன் எடுத்தா. "ஒரு சொல்லுச் சொல்லுங்கோ அக்கா, இப்பவே அந்த அட்டையை எடுத்துப் போடுறன்" எண்டுது பிள்ளை. எடுத்தா என்ன நடக்கும்? நிரோஜா போய்க் கெஞ்சி எடுப்பிச்சிட்டாள் எண்டு மாமி சொல்லுவா. அக்கா போனை வைச்சிட்டு என்னட்ட வந்தா.

"தம்பி, கூட்டத்தண்டைக்கு உன்ர ஓட்டோ பழுது எண்டு சொல்லு."

"ஏனக்கா?"

"அந்த மனுசன் வரக்கூடாது."

அப்பவும் எனக்கு விளங்கேல்லை. ஓம் எண்டு தலையாட்டி, ஓட்டோ பழுது எண்டு சொன்னன். என்ர பொய்க்கு நல்ல பேர் இருக்குது, மாயாண்டி அண்ணை நம்பிட்டார். நம்பிப்போட்டு, வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு கிருசாந்தன்ர மோட்டச்சைக்கிளில பின்னால ஏறி வந்து இறங்கினார். முன்வரிசையில மின்விசிறிக்குக் கீழ இருந்தார். சுப்பம்மாக்கா மேடையில மற்ற நாலு பேரோட நிண்டவா. வெயில் இல்லை, முகமெல்லாம் வேர்வை. கையில ஒரு அட்டை.

அவாவின்ர அட்டை வேற. நித்திரை இல்லை எண்டு ஆரோ சொன்னது. வாசிச்சா. அடுத்தது விமலேஸ்வரி மாமி. மாமி பதினாலைத்தான் கேட்டு வாங்கியிருந்தவா. மைக்குக்குக் கிட்டப் போய், ஒவ்வொரு சொல்லா, கோயிலில தேவாரம் படிக்கிற மாதிரிப் படிச்சா. படிச்சு முடிச்சுப்போட்டு மருமகளைப் பாத்தா. மண்டபம் முழுக்கத் தலையைத் திருப்பிப் பாத்தது. நிரோஜா எழும்பினாள். செருப்பு வெளியில கிடக்குது, அதைக்கூடத் தேடாமப் போகப் பாத்தாள்.

சுப்பம்மாக்கா மைக்கைப் பிடிச்சா. மைக் கீச்சிட்டுது.

"நிரோஜா, இரு. பதினாலு நான்."

நிரோஜா வாசலிலயே நிண்டிட்டாள்.

"நான்தான் சொன்னனான். இவர் ஆட்டு வாளியில தண்ணி குடிச்ச அண்டைக்கு." அவா மாயாண்டி அண்ணையைப் பாக்கேல்லை. மைக்கைப் பாத்துத்தான் சொன்னவா. "அந்தப் பிள்ளையை விடுங்க மாமி. போத்தலை அவகிட்டக் குடுங்க."

மாமி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பாத்தா, பின்பக்கம் வேற ஏதும் எழுதியிருக்குதோ எண்டு. சுதாஜினி மெதுவாச் சொன்னாள், இருவத்திரண்டு பேரிட்டக் கேட்டதில பதினேழு பேர் இதையே வேற வேற சொல்லில சொன்னவையள், ஒருத்தரும் அதுக்கு முதல் ஆருக்கும் சொல்லேல்லை எண்டு. ஆராய்ச்சியில பெரிய விசயமே அதுதானாம். ஆர் கேட்டது? எல்லாரும் மாயாண்டி அண்ணையைப் பாத்துக்கொண்டு இருந்தவையள். அவர் மின்விசிறியைப் பாத்துக்கொண்டு இருந்தார்.

போகேக்குள்ள ரெண்டு பேரையும் நான்தான் ஏத்தினனான்.

"ஓட்டோ பழுது எண்டாய்" எண்டார்.

"இப்பதான் சுகம் வந்தது அண்ணை."

அவர் சிரிக்கேல்லை. பாதித் தூரம் போன பிறகு "அந்த வாளி எங்க?" எண்டு கேட்டார்.

"எறிஞ்சிட்டன்" எண்டவா அக்கா.



இப்ப கிளினிக்கில நேர்ஸ் மிஸ்ஸி, வருத்தக்காரரோட வாறவையளிட்டயும் நித்திரை கொள்ளுறியளோ எண்டு கேக்கிறா. நிரோஜா கையில போத்தல் திரும்பி வந்திட்டுது. சுப்பம்மாக்கா வீட்டிலதான் எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. தேத்தண்ணி குடுத்தா மாயாண்டி அண்ணை பேணியை அவாவிட்ட நீட்டி, "நீ ஒரு வாய் குடி" எண்டுறார். ஒவ்வொரு தரமும். அவா குடிக்கிறா. குடிக்கேக்குள்ள அந்தாளின்ர முகத்தைப் பாக்கிறேல்லை. அந்தாள் பயந்து நீட்டுதோ, பாசத்தில நீட்டுதோ, பகிடிக்கு நீட்டுதோ, தெரியாது. அரை லீற்றருக்குள்ள ஒரு வாயை விட்டுக் குடுக்கிறது அந்தாளுக்குச் சின்ன விசயமில்லை எண்டது மட்டும் தெரியும். அவாவுக்கும் தெரியும். இருந்தும் பாக்கிறேல்லை.

போன புதன்கிழமை வவுனியாவில அந்தாளை மெசினில விட்டிட்டு வெளி வாங்கில இருக்கேக்குள்ள, ஊர் என்ன சொல்லுது எண்டு அக்காவுக்குச் சொன்னன். நஞ்சுக் கதை, பொலிஸ் கதை, எல்லாம். அவா வெத்திலையைத் துப்பிப்போட்டு என்னைப் பாத்தா.

"நஞ்சு எண்டு நான் சொல்லேல்லை. செத்தா நல்லம் எண்டுதான் சொன்னனான். அதையும் அந்த மனுசனுக்கு முன்னாலதான் சொன்னனான். போய் அப்பிடியே சொல்லு, ஒரு சொல்லும் கூட்டாத."