சேமநிதிப் புத்தகத்தில் முத்தையாவின் வயது

சேமநிதிக் குமாஸ்தாவின் வேலை, இன்றைக்கே போதாத சம்பளத்தை வாங்குகிறவரிடம் போய், முதுமைக்குக் கொஞ்சம் எடுத்து வையுங்கள் என்று சொல்வது. பிறருக்காகப் படிவம் நிரப்பி, கீழே தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுத் தூக்கம் கெடுகிற குமாஸ்தா நண்பர்களுக்கு என் நிலை புரியும். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் மகன் நான். எங்கள் குடும்பத்தில் முதல் பி.ஏ. மலாயாவில், ஈப்போ நகரில் ஒரு தோட்டக் கம்பெனி அலுவலகத்தில் நான் சேர்ந்த வருஷம்தான் அங்கே சேமநிதியும் தொடங்கியது.

பெரட்டில்

விதிகளை விளக்கிச் சொல்ல என்னைக் கோப்பெங் பக்கத்துத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று, மனப்பாடம் செய்துகொண்டு போனதை ஒப்பித்தேன். மாதாமாதம் நீங்கள் பாதி, கம்பெனி பாதி. ஐம்பத்தைந்து வயது நிறைந்தால் முழுவதும் உங்களுக்கு. வேலையில் இருக்கும்போதே இறந்தால் முழுவதும் குடும்பத்துக்கு. நடுவில் விலகினால் கம்பெனி போட்ட பாதி கிடையாது.

முன்வரிசையில் பால்வாளியோடு நின்ற அங்கம்மா அக்கா கேட்டார்: "நாங்க கெழவியானா சோறு போட இம்புட்டு யோசிக்கிறாங்களே, இன்னிக்கு மத்தியானத்தை யாரு யோசிக்கிறதாம்?"

வயது

பெயர் எழுதினேன். அன்று அந்தத் தோட்டத்தில் ஐம்பதைத் தாண்டிய ஒருவர்கூட இல்லை. தலை முழுக்க நரைத்த முத்தையா அண்ணனும் நாற்பது என்றார். பேனாவை வைத்துவிட்டு அவர் தலையைப் பார்த்தேன். நிஜத்தைச் சொல்லுங்கள் என்றேன்.

"அம்பத்திரண்டு இருக்கும் கெராணி ஐயா. அதை எழுதினா கெழவன்னு சொல்லி வெறுங்கையோட ஊருக்குக் கப்பல்ல ஏத்திருவாங்க. நாப்பதுன்னே போடுங்க. மரத்துக்கு என் வயசு தெரியாதுலா."

நாற்பது என்று எழுதினேன்.

வாரிசு

இறந்தால் பணம் யாருக்கு என்று எழுத ஒரு கட்டம் இருந்தது. மனைவி பாப்பாத்தியின் பெயரைச் சொல்ல முத்தையா அண்ணன் தயங்கினார். "நான் செத்தா அவளுக்குப் பணம்னு எழுதிட்டு, இனிமே அவ வைக்கிற கொழம்பை எப்படிங்க தைரியமாச் சாப்பிடுறது?"

பின்னால் நின்ற பாப்பாத்தி அக்கா சொன்னார்: "நெனச்சிருந்தா காகிதம் இல்லாமயே எப்பவோ வச்சிருப்பேன். எழுதுங்கய்யா!"

கடிதம்

ஆறு வருஷம் கழித்து முத்தையா அண்ணன் ஈப்போவுக்கு என்னைத் தேடி வந்தார். கை நடுங்கி மரம் வெட்ட முடியவில்லை. அரைச் சம்பளத்துக்குப் புல் வெட்டிக்கொண்டிருந்தார். முழுப்பணமும் கிடைத்தால் பாப்பாத்தியோடு ஊருக்குப் போய்விடலாம் என்றார். புத்தகத்தில் அவருக்கு நாற்பத்தாறு.

மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் யோசித்தேன். பிறகு, அந்த வயது பொய், தெரிந்தே எழுதியவன் நான், அவருக்கு ஐம்பத்தைந்து தாண்டிவிட்டது என்று கம்பெனித் துரைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். என் வேலை போகும் என்றுதான் பயந்தேன். போகவில்லை. நேர்மையாக ஒப்புக்கொண்டதற்காக என்னை எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். பொய் வயது கொடுத்துச் சேர்ந்ததற்காக முத்தையா அண்ணன் பெயரை நிதியிலிருந்தே அடித்துவிட்டு, அவர் போட்ட பாதியை மட்டும் திருப்பித் தந்தார்கள்.

உத்தரவைப் படித்த தலைமைக் குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றினார். "ஏன் தம்பி, சும்மா இருந்திருந்தா அவன் செத்தாலாவது அந்தப் பொம்பளைக்கு முழுசாக் கெடைச்சிருக்குமே?"

குழம்பு

அந்தச் சேதியை நானே தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்துக்குப் போய்ச் சொன்னேன். பாப்பாத்தி அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். முத்தையா அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எனக்கு ஆறுதல் சொல்கிறவர்போலச் சிரித்தார்.

"அப்ப இனிமே இவ கொழம்பைப் பயமில்லாமச் சாப்பிடலாம்னு சொல்லுங்க, ஐயா."

புதிதாகச் சேர வருகிறவர்களிடம் இன்றும் நான்தான் வயதைக் கேட்டு எழுதுகிறேன், ஆனால் யாருடைய தலையையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.