தையல் போட்ட துணி

போன சனிக்கிழமை நண்பர் சண்முகத்துக்கு விடை கொடுத்தோம். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. ஹார்ட் அட்டாக்...

வெஸ்ட் வின்ட்சர் பக்கத்தில் ஒரு ஃபியூனரல் ஹோம். தகனத்துக்கான பெட்டி திறந்திருந்தது. உள்ளே வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். உடலை இன்னும் வைக்கவில்லை. ராமநாதன் அங்கிள் — எங்கள் பக்கத்துத் தமிழர்களுக்குச் சடங்கு என்றால் அவர்தான் — குனிந்து அந்தத் துணியைத் தடவிப் பார்த்தார். முகம் மாறியது.

"பூரா தையல் போட்டிருக்கே! தைச்ச துணி உடம்புல படக்கூடாதும்மா. கட் பண்ணி எடுத்துடலாம். கோடி வேட்டிய மட்டும் விரிப்போம்."

சண்முகத்தின் மனைவி கலா தலையசைத்தார். அன்றைக்கு யார் எதைச் சொன்னாலும் தலையசைத்திருப்பார். அங்கிள் கையில் கத்தரிக்கோல் வந்துவிட்டது.

"அங்கிள், ப்ளீஸ் டோன்ட்!" கத்தியது மகள் நித்யா. "அம்மா, இட்ஸ் அப்பாவோட துணி. லுக் அட் த ஸ்டிச்சஸ்!"

சண்முகம் டெக்ஸ்டைல் இன்ஜினியர். ஆனால் அவர் கம்பெனியில் நெசவே கிடையாது. இழைகளைப் பஞ்சு போலப் பரப்பி, மெஷினில் வரிவரியாகத் தைத்தே துணியாக்குவார்கள். தையலை எடுத்துவிட்டால் துணியே இல்லை. இந்த ஜிக்ஜாக் தையல் அவர் மாதக்கணக்கில் மல்லுக்கட்டிக் கொண்டுவந்தது. வீடு நிறைய சாம்பிள். நான் கார் துடைப்பதே அதில்தான்.

இதெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டால், "மெத்தைக்கு அடியில, ஷூவுக்குள்ள, சோபாவுக்குக் கீழ..." என்று அடுக்குவார். இந்தப் பெட்டியை மட்டும் சொன்னதில்லை. பெண்டாட்டி பிள்ளை முன்னால் எப்படிச் சொல்வார்? உழைக்கிற மனிதன் வேலையில் என்ன செய்கிறான் என்பது வீட்டுக்கு எவ்வளவு தெரியும், சொல்லுங்கள்?

கலா அந்தத் துணியில் உள்ளங்கையைப் பதித்தார்.

"இதுக்கும் போகுதுன்னு எங்கிட்ட சொல்லவே இல்லியே..."

உடைந்து அழுதார். நானும் அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அங்கிள், வேட்டிய மேல போத்திடுங்க. கீழ அவர் துணியே இருக்கட்டும்."

"எதுக்கும் ஊருக்கு போன் பண்ணிக் கேட்டுடலாமா?" என்று யாரோ காலிங் கார்டை எடுத்தார்கள்.

"யாரையும் கேக்க வேணாம்" என்றார் அங்கிள், கத்தரிக்கோலைக் கீழே வைத்தபடி. "அவர் கையால வந்த தையல். தோஷம் கிடையாது."

அவருக்குச் சாஸ்திரம் தெரியும் என்று நான் முழுதாக நம்பியது அன்றைக்குத்தான்.