பன்னிரண்டு நிமிட முட்டை

முட்டை கொதிக்கத் தொடங்கிவிட்டால் யோகராஜ் அடுப்பை விட்டு நகரமாட்டார். பன்னிரண்டு நிமிடம். மேனேஜர் கூப்பிட்டாலும் போன் மணி அடித்தாலும், "வாரேன் சார், முட்டை கிடக்கு" என்று சமையலறையிலிருந்து குரல் மட்டும் வரும். பிறகு இறக்கி, பச்சைத் தண்ணீரில் போட்டு, ஓட்டை உரித்து, கத்தியால் இரண்டாகப் பிளப்பார். மஞ்சள்கருவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். நடுவில் ஒரு பொட்டு ஈரம் மினுங்கினாலும் அந்த முட்டை குப்பைக்குத்தான். "அரைவேக்காடு நம்ம கையால போகப்பிடாது" என்பார்.

கோவில்பட்டிக்கு வெளியே இருந்த ஒரு நூற்பாலையின் விருந்தினர் விடுதியில் அவர் ஏழு வருடம் சமையல்காரராக இருந்தார். ஆலைக்குப் புது இயந்திரம் பூட்ட வெளிநாட்டிலிருந்து வரும் பொறியாளர்கள் அங்கேதான் தங்குவார்கள். இரண்டு நாள் நம்மூர்க் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு மூன்றாம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். அவர்களுக்காக யோகராஜ் செய்ததுதான் சீசர் சாலட். பச்சை இலையைக் கிழித்துப் போட்டு, முட்டையும் எண்ணெயும் எலுமிச்சையும் பூண்டும் உப்புமீனும் சேர்ந்த கெட்டிச் சாறு ஒன்றை அதன்மேல் புரட்டி, வறுத்த ரொட்டித் துண்டும் சீஸும் தூவித் தின்கிற பண்டம் அது.

கோவில்பட்டி சந்தையில் அந்த இலை கிடைக்காது. முட்டைக்கோசின் வெளி மடல்களை உரித்து எறிந்துவிட்டு, உள்ளே வெளுத்துக் கிடக்கும் இளம் மடலை மட்டும் எடுப்பார். மஞ்சள்பொடி கரைத்த தண்ணீரில் மூன்று தடவை அலசி, வெந்நீரில் ஒரு முக்கு முக்கி எடுத்து, வெள்ளைத் துணியில் பரத்தி உலர்த்துவார். ஆலிவ் எண்ணெய்க்குப் பதில் செக்குக் கடலை எண்ணெய். சீஸுக்குப் பதில் மணலில் வறுத்த நிலக்கடலையை உப்புப் போட்டு ஒன்றிரண்டாக இடித்தது. வெளிநாட்டுக்காரர்கள் அதை இந்த ஊர்ச் சீஸ் என்றே நம்பினார்கள். உப்புமீனுக்கு மட்டும் அவர் யாரிடமும் கை கட்டி நிற்கவில்லை. இஸ்மாயில் பாய் கடையில் நெத்திலிக் கருவாடு வாங்கி, தலையையும் குடலையும் கிள்ளிப்போட்டு, வெறும் சட்டியில் மொறுமொறுவென்று வறுத்துப் பூண்டோடு இடிப்பார். "அவிய இதே மீனத்தான் டப்பாவுல அடைச்சி வச்சிருக்காவ. நமக்குத் தூத்துக்குடி பக்கத்துலல்லா இருக்கு" என்று சொல்லும்போது முகத்தில் லேசாக ஒரு பெருமை தட்டும்.

அவருடைய தகப்பனார் கிட்டு, பசுவந்தனைப் பக்கம் கரிசல் காடுகளில் ஆட்டுக்கிடை போடுகிறவர். மகனைப் பார்க்க ஒருமுறை வந்தவர் கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏலே, இது குட்டிக்கு ஒடிச்சிப் போடுற தழைலா" என்றார். யோகராஜ் சிரித்தார். அவர் சிரித்து விடுதியில் பார்த்தவர்கள் குறைவு.

செய்முறையைவிட, செய்த பிறகு அவர் நடந்துகொள்வதுதான் விநோதம். சாலட் கேட்டால் அன்றைக்குக் கிடைக்காது. முந்தின நாள் மத்தியானமே சாற்றை அரைத்து, முதலில் தனக்கு ஒரு கிண்ணம் எடுத்துத் தின்றுவிடுவார். மிச்சத்தை மூடி குளிர்பெட்டியில் வைத்து, மேலே ஒரு தாளில் பென்சிலால் நேரத்தை எழுதி ஒட்டுவார். மறுநாள் மத்தியானம் வரைக்கும் தன் வயிற்றில் ஒன்றும் இல்லையென்றால்தான் அது மேசைக்குப் போகும். இடையில் ஒரு மணி நேரம் கரண்டு போனால் அத்தனையும் கொல்லைக் குழிக்குள் போய்விடும். மேனேஜர் பூவனலிங்கம் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், புதுசாகச் செய்து கொடுத்தால் என்னய்யா கெட்டுப்போகும் என்று கேட்டார்.

"புதுசுல எதுவும் தெரியாது சார்" என்றார் யோகராஜ்.

மேனேஜர் இதை வருகிறவர்களிடமெல்லாம் வேடிக்கையாகச் சொல்வார். வேடிக்கைக்கு இன்னும் இரண்டு உண்டு. ரொட்டித் துண்டுக்குப் பதில் ரஸ்க்கை உடைத்து நெய்யில் வறுத்துத் தனிக் கிண்ணத்தில் வைப்பார். எவ்வளவு கேட்டாலும் சாற்றில் போட்டுப் பிசிறித் தரமாட்டார். பொறியாளர்களில் யாராவது குழந்தையோடு வந்தால் அந்தக் குழந்தைக்குச் சுடச்சுடச் சோறும் அப்பளமும்தான். குழந்தை சாலட் பக்கம் கையை நீட்டினால், கிண்ணத்தையே எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். பெரிய ஓட்டலில் இருந்துவிட்டு வந்த ஆள், அப்படித்தான் கிறுக்குப் பிடித்திருக்கும் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

பெரிய ஓட்டலில் இருந்தது உண்மை. பெங்களூரில், நீச்சல்குளமும் புல்வெளியும் உள்ள இடம். சூடில்லாத பண்டங்கள் செய்யும் பகுதிக்கு யோகராஜ்தான் பொறுப்பு. அங்கே அவருடைய சீசர் சாலட்டுக்கென்றே வந்தவர்கள் உண்டு. பச்சை மஞ்சள்கருவைக் கிண்ணத்தில் விட்டு, விருந்தாளியின் கண் முன்னால் எண்ணெயை நூல்போல ஊற்றிக்கொண்டே அடிப்பார். வறுத்த நெத்திலியை அதில் சேர்த்ததும் அவர்தான். தலைமைச் சமையல்காரர் முதலில் முகம் சுளித்து, பிறகு ருசி பார்த்துவிட்டு, உணவுப் பட்டியலில் அதற்கு அவர் பெயரையே போட்டுவிட்டார்.

தொண்ணூற்றாறாம் வருடம் மே மாதம் ஒரு பிறந்தநாள் விருந்து. காலை பத்து மணிக்கு யோகராஜ் சாற்றை அடித்து வைத்தார். பதினொன்றுக்குக் குளிர் அறை பழுதாகி நின்றுபோனது. ஆள் வந்து சரிசெய்வதற்குள் மூன்று மணியாகிவிட்டது. அவ்வளவு நேரமும் சாறு மேசைமேல், மே மாத வெக்கையில் இருந்தது. அதைக் கொட்டிவிட்டு வேறு அடிக்கவேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் வெளியே ஆட்கள் உட்கார்ந்தாயிற்று. தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். ருசியில் ஒரு குறையும் இல்லை. எடுத்துக்கொண்டு புல்வெளிக்குப் போனார்.

அவரே நின்று பரிமாறினார். பச்சை ரிப்பன் கட்டிய ஒரு சின்னப் பெண் மூன்று தடவை வந்தாள். இலை வேண்டாம், சாற்றில் ஊறிய ரொட்டி மட்டும் வேண்டும் என்றாள். மூன்றாம் தடவை யோகராஜ் அவளுக்காகத் தனியாக ரொட்டியை ஊறவைத்து, கிண்ணம் நிறையக் கொடுத்தார்.

பதினான்கு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பதின்மூன்று பேர் திரும்பினார்கள்.

ஓட்டலில் தண்ணீர் சரியில்லை என்று சொல்லி முடித்தார்கள். யோகராஜை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவராகவே ஆஸ்பத்திரிக்குப் போனார். நான்தான் செய்தேன் என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு போனார். வார்டு வாசலில் அந்தப் பெண்ணின் தகப்பன் நின்றிருந்தார். சேலத்துப் பக்கத்துக்காரர். யோகராஜை அங்கே வேறு யாருக்கோ துணைக்கு வந்தவர் என்று நினைத்துக்கொண்டு, "அண்ணே, ஒரு இளநீர் வாங்கிட்டு வர்றீங்களா? இவளை விட்டுட்டு என்னால நகர முடியல" என்றார்.

யோகராஜ் ஓடிப்போய் வாங்கிவந்தார். அதைக் கையில் வாங்கிக்கொண்டு அந்த மனிதர், "நல்லா இருப்பீங்க" என்றார். அதற்குமேல் யோகராஜுக்கு வாய் திறக்கவில்லை. அடுத்த இரண்டு நாளும் போய் அதே வாசலில் நின்றார். மூன்றாம் நாள் காலையில் அந்தப் பெண் இறந்தாள். தகப்பன் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றபோது, யோகராஜ் மாடிப்படி வழியாக இறங்கி, நேராக பஸ் நிலையத்துக்கு வந்துவிட்டார்.

ஊருக்கு வந்து மறுவருடம் கல்யாணம் நடந்தது. மனைவி முத்துத்தாயிடம், ஓட்டல் வேலை உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னார். பானு பிறந்தாள். வீட்டில் அவர் அடுப்படிப் பக்கமே போவதில்லை. நாளெல்லாம் வெளியே சமைத்துச் சலித்துப்போய் வருகிறவர் என்று முத்துத்தாயும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோயிலில் வைத்துக் குழந்தைக்கு முதல் சோறு ஊட்டுகிற அன்று தனக்குக் காய்ச்சல் என்று சொல்லி அவர் ஒதுங்கி நின்றதையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

இரண்டாயிரத்து ஐந்தில் ஆலை முதலாளியின் பேரனுக்கு விடுதியில் பிறந்தநாள் விருந்து என்று ஏற்பாடாயிற்று. இருபத்தைந்து பிள்ளைகள். முதலாளியின் மகள் சென்னையிலிருந்து வந்தவள். முன்பே அந்தச் சாலட்டைச் சாப்பிட்டிருக்கிறாள். அதுதான் முக்கியமாக வேண்டும், அன்றைக்கே புதிதாகச் செய்ததாக இருக்கவேண்டும் என்று சொல்லியனுப்பினாள். யோகராஜ் பூரி போடுகிறேன், கட்லெட் போடுகிறேன், சூடாக என்ன கேட்டாலும் செய்கிறேன் என்று மன்றாடினார். மேனேஜர் கேட்கவில்லை. அப்படியானால் அன்றைக்கு லீவு வேண்டும் என்றார். மேனேஜருக்குக் கோபம் வந்து, காரணத்தைச் சொல்லிவிட்டு எங்கே வேண்டுமானாலும் போ என்றார்.

யோகராஜ் கதவுப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பெங்களூர்ல ஒரு பிள்ள செத்துப்போச்சி சார். நான் செஞ்சு குடுத்ததுல. ஆறு வயசு இருக்கும். பேருகூட நான் கேட்டுக்கிடல."

ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அதை இன்னொரு ஆளிடம் சொன்னார். சொல்லிக்கொண்டே போனார். இளநீர் வாங்கிக் கொடுத்ததுவரை எல்லாவற்றையும் சொன்னார். பூவனலிங்கம் நடுவில் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். முழுக்கக் கேட்டார். ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். நல்ல மனிதர்தான். மறுநாள் காலை யோகராஜ் வேலைக்குப் போனபோது வாசலிலேயே காத்திருந்தார்.

"தப்பா எடுத்துக்கிடாதீங்க யோகராஜ். இது வெளிய தெரிஞ்சா மில்லுப் பேரு என்னாகும்?"

ஏழு வருடமும் வா, போ என்று பேசியவர், அன்றைக்குத்தான் 'ங்க' போட்டார். வேலை போய்விட்டது என்று அந்த மரியாதையிலிருந்தே யோகராஜுக்குப் புரிந்துவிட்டது. விருந்துக்கு மதுரையிலிருந்து ஆள் வந்து, புட்டியில் வந்த சாற்றை ஊற்றிச் சாலட் செய்தார். இருபத்தைந்து பிள்ளைகளும் தின்றார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மேனேஜர் யாரிடமும் சொல்லமாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தார். நாலே நாளில் ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி முத்துத்தாயைத் தள்ளி நிறுத்தி, உன் வீட்டுக்காரர் பெங்களூரில் பிள்ளைக்கு விஷம் வைத்தவராமே என்று கேட்டாள். முத்துத்தாய் சீனியை வாங்காமல் வீட்டுக்கு வந்தாள். யோகராஜ் மறைக்கவில்லை. கேட்டு முடித்தபின் அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என் கையால தின்னுவியா?"

"நீங்க எப்ப உங்க கையால தந்திய?"

முத்துத்தாய் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பானுவைத் தன் மடிக்குப் பக்கத்திலேயே இருத்திச் சோறு போட்டாள். அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை. பானுவுக்கு அப்போது ஆறு வயது.

கோவில்பட்டியில் எந்த ஓட்டலும் அவரை எடுக்கவில்லை. கயத்தாற்றில், லாரிகள் நிற்கிற இடத்தில், ஒரு பரோட்டாக் கடையில் சேர்ந்தார். காலையில் மாவு பிசையப் போனால் பொழுது சாய்ந்துதான் பஸ் ஏறுவார். பொறியாளர்களுக்கு நெத்திலி வறுத்த கை, மாவை வீசி அடித்து அடித்துக் காய்த்துப்போயிற்று. அந்த வேலை அவருக்குப் பிடித்திருந்தது. "கல்லுல கெடந்து வெந்து வருதுல்லா, பயமில்ல" என்றார். ஆறிப்போன பரோட்டாவை யாராவது கேட்டால் கொடுக்கமாட்டார். திரும்பவும் கல்லில் போட்டுத்தான் தருவார். கடைக்காரர் அதற்காகத் திட்டுவார்.

மூன்று மாதம் கழித்து, அவருக்கு லீவு விழுந்த ஒரு நாளில், முத்துத்தாய் ஒரு முட்டைக்கோசும் ஒரு பொட்டலம் நெத்திலியும் வாங்கிவந்து அவர் முன்னால் வைத்தாள். மூன்று முட்டையை எடுத்து வைத்தாள். "செய்யுங்க" என்றாள். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவள் மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள்.

கல்யாணமாகி எட்டு வருடத்தில் முதல்முறையாக அவர் தன் வீட்டு அடுப்பின் முன் உட்கார்ந்தார். முட்டையை அவித்தார், பிளந்து பார்த்தார், நெத்திலியை வறுத்தார், கடலையை இடித்தார். கை எல்லாவற்றையும் அதுபாட்டுக்குச் செய்தது. கடைசியில் ஒரு கிண்ணம் எடுத்துத் தான் தின்றார். மிச்சத்தைத் தட்டால் மூடினார்.

"நாளைக்கு மத்தியானம் பாப்போம்" என்றார்.

"நாளைக்கு வேண்டாம்" என்று முத்துத்தாய் தட்டை எடுத்தாள். ஒரு மடலைச் சாற்றில் புரட்டித் தன் வாயில் போட்டு, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே மென்று விழுங்கினாள். அவர் பாதி எழுந்துவிட்டார்.

"ஏட்டி பானு, இங்கன வா."

பானு வந்து அம்மாவின் முழங்காலில் சாய்ந்துகொண்டாள். முத்துத்தாய் கோசுக்குருத்தில் சின்னதாகக் கிள்ளி, சாற்றில் தோய்த்து, மேலே கடலைப்பொடி ஒட்டவைத்து அவள் வாயருகே கொண்டுபோனாள். யோகராஜ் தடுக்கவில்லை. தடுக்க நீண்ட கை வழியிலேயே நின்றுவிட்டது. பானு வாங்கி மென்றாள். உப்புக் கரித்ததோ என்னவோ, முகத்தைச் சுளித்தாள். பிறகு இன்னும் வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

யோகராஜ் நகர்ந்து மகளின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் துப்பினால் ஏந்திக்கொள்ள உள்ளங்கையைக் குழித்து அவள் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டார். அவள் விழுங்கிய பிறகும் அந்தக் கையை எடுக்கவில்லை.