கேசவன் காரில் சுட்ட குமிழ்

கேசவனின் காரியம் முடிந்த மறுநாள் காலையிலேயே மைத்துனன் முரளி காயலான் கடைக்காரனுக்குப் போன் போட்டுவிட்டான். மத்தியானத்துக்குள் அம்பாசடரைக் கட்டி இழுத்துப் போக ஏற்பாடு.

"ஆளை முழுங்கின வண்டி, அக்கா. வாசல்ல நிக்கக் கூடாது" என்றான் காந்தாவிடம். உள்ளே இருந்த அவள் மகள் ஹேமாவதிக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினான். "மச்சானுக்கு ஓட்டத்தான் தெரியும். வச்சிக்கத் தெரியாது. பாழாக்கிட்டாரு."

ஹேமாவதி மின்சாரம் அளக்கும் மீட்டருடன் வெளியே வந்தாள். சென்னையில் கார் ஒர்க்‌ஷாப்பில் எலக்ட்ரிகல் வேலை அவளுக்கு. அப்பா போனதிலிருந்து அழவில்லை.

"பேரீச்சம்பழத்துக்குப் போடற வண்டிக்கு மீட்டரா?" என்றான் முரளி.

"பாழாக்கினது யாருன்னு எனக்குத் தெரியணும் மாமா. அதுவரைக்கும் வண்டி நவுராது."

கேசவன் மீனவக் குடும்பத்தில் பிறந்தும் படகு ஏறாதவர். அலையைக் கண்டால் வாந்தி. ஊர் அவரை வாழ்நாள் முழுக்கக் கேலி செய்தது. கேலி செய்தவர்களின் இறால் கூடைகளையும், பிரசவ வலி கண்ட பெண்டாட்டிகளையும், திருப்பாலைவனம் கோயிலுக்குப் போன கல்யாணக் கூட்டங்களையும் அவர் கார்தான் சுமந்தது.

போன மீன்பிடித் தடைக்காலத்துக்குப் பிறகு கார் மக்கர் செய்தது. சாவியைத் திருகினால் 'டக்' என்று ஒரு சத்தம். சில நாள் ஒழுங்காகக் கிளம்பும். பாட்டரியை மாற்றினார். பொன்னேரிக்குப் போய் ஸ்டார்ட்டரைச் சரிபார்த்து வந்தார். பிறகு ஏரிக்கரைச் சரிவில் மட்டுமே நிறுத்தினார், உருட்டிக் கிளப்ப வசதியாக. கடைசி நாளன்று சரிவு முழுக்க வலை காய்ந்தது. சமதரையில் நிறுத்தினார். வலை எடுத்த பிறகு காரைச் சரிவு வரை தனியாக மணலில் தள்ளினார். பம்பரில் கை வைத்தபடியே சரிந்தார்.

"அம்மா, நீ உள்ள உக்காரு. நான் சொல்றப்ப சாவியைத் திருகு."

காந்தா டிரைவர் சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. முகப்பு விளக்கைப் போட்டுவிட்டுத் திருகினாள். டக். விளக்கு மங்கவில்லை, பாட்டரியில் குறையில்லை. ஸ்டார்ட்டருக்குப் போகும் கேபிளும் சரி. மிச்சம் இருப்பது, மின்சாரம் திரும்பி வரும் வழி. ஹேமாவதி மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரி மைனஸில் வைத்தாள், மறுமுனையை எஞ்சின் இரும்பில்.

"திருகு."

பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டிய எண் மேலே ஏறியது. திரும்பும் வழியில்தான் எங்கோ தடை.

"இன்னாடி இது, சுடுது!" காந்தா கையை உதறினாள். எஞ்சினை நிறுத்த இழுக்கும் குமிழில் கை பட்டிருந்தது. "உங்க நைனா சொல்லிக்கினே இருப்பாரு, சுடுது சுடுதுன்னு."

முரளி சிரித்தான். "மார்கழியில குளிர் காஞ்சிக்கன்னு நான்கூடச் சொன்னேன்."

ஹேமாவதி அவனைப் பார்த்தாள். எஞ்சினையும் பாடியையும் சேர்ப்பது ஓர் எர்த் பட்டை. அதில் பிடிப்பு இல்லையென்றால் மின்சாரம் அந்தக் குமிழின் மெல்லிய கம்பி வழியாகத் திரும்பும். கம்பி சூடேறும். கோளாறு இருக்கும் இடத்தை அப்பா சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கேட்க ஆளில்லை.

காரின் அடியில் படுத்துப் பட்டையைக் கழற்றினாள். அது உட்கார்ந்திருந்த இடத்தில், பட்டைக்கு அடியில், கெட்டியாக நீலப் பெயிண்ட். கரையில் கிடந்த முரளியின் படகும் அதே நீலம்.

கையில் ஒட்டிய பெயிண்ட் செதிலை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "தடைக்காலத்துல வண்டி அடியில நீ பெயிண்ட் அடிச்சியா?"

"உப்பு அரிக்கக் கூடாதுன்னு அடிச்சேன். படகுல அப்டித்தானே, போல்ட்டைக் கழட்டி அடியிலயும் அடிச்சு முடுக்குவோம்."

"படகுல சரி. இங்க இரும்பும் இரும்பும் தொடணும். நடுவுல பெயிண்ட் இருந்தா கரண்ட் போவாது."

"அது எனக்கு இன்னா தெரியும்?"

"தெரியலன்னா வாயை மூடிக்கினு இருந்திருக்கணும். சாவுக்கு வந்தவங்ககிட்ட எல்லாம் பாழாக்கிட்டாருன்னு சொன்னியே."

முரளி படகுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். அவள் உப்புத்தாளால் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்தாள். பட்டையை வைத்து முடுக்கினாள்.

"திருகும்மா."

எஞ்சின் ஒரே மூச்சில் பிடித்தது. காந்தா ஸ்டீயரிங்கில் தலை வைத்து அழுதாள். ஹேமாவதி அவளைப் பக்கத்து சீட்டுக்கு நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள்.

கண்ணாடியில் முரளி தெரிந்தான். டிக்கியில் கை வைத்திருந்தான்.

"மணலா கீது ஹேமா. ரோடு வரைக்கும் தள்றேன்."

"அன்னிக்கு நைனா தனியாத் தள்ளினப்ப வரல. இன்னிக்கு வேணாம். கையை எடு."

கியரைப் போட்டாள்.