ஈஸ்வரி அக்காவுக்கு வால் வேண்டாமாம்

ஈஸ்வரி அக்கா இறந்துவிட்டார். எடப்பாடி சந்தைக்குப் பக்கத்தில் மீன் கடை வைத்திருந்த அக்கா.

எனக்கு யாரும் சொல்லவில்லை. காலையில் ஃப்ளெக்ஸ் கடை அண்ணன் போன் செய்தார். "மீன் கடை ஈஸ்வரியக்கா டி.பி.யில இருக்கறது நீ வரைஞ்ச படமாமே? பெருசு பண்ணுனா உடையுது. ஒரிஜினல் அனுப்பி உடு."

எதற்கு என்று கேட்டேன்.

"கண்ணீர் அஞ்சலிக்குத்தான் அம்மிணி... உனக்குத் தெரியாதா?"

நெஞ்சு வலியாம். டேமுக்கு மீன் எடுக்கக் கிளம்பியவர், வாசலிலேயே...

காலையிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. இந்தப் பதிவையே எத்தனை முறை அழித்தேன் என்று தெரியவில்லை. பக்கத்தில் தறி ஓடுகிறது, நான் சுற்ற வேண்டிய நூல் அப்படியே கிடக்கிறது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள்.

இங்கே இருப்பவர்களுக்கு என்னைக் கடற்கன்னி வரைகிற பெண்ணாகத்தான் தெரியும். பத்தாவதோடு நின்றுவிட்டேன். போனில் விரலால்தான் வரைகிறேன். கடலைப் பார்த்ததில்லை.

ஆனால் மீன் பார்த்திருக்கிறேன். என் கடற்கன்னிகளின் வால் எல்லாமே ஈஸ்வரி அக்கா கடை மீன்கள்.

முதல் நாள் எதிர்க்கடை ஓரமாக நின்று, யாருக்கும் தெரியாமல் ஜூம் பண்ணிப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். செதிலின் பளபளப்பு எப்படி விழுகிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

"ஏ அம்மிணி, மீனை எடுக்கறயா, என்னைய எடுக்கறயா?" என்று ஒரு சத்தம். சந்தையே திரும்பிப் பார்த்தது. ஓடிவந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே ஒரு பெரிய ஜிலேபி மீனை வாலைப் பிடித்துத் தூக்கி, வெயில் பக்கம் காட்டினார். "வா கண்ணு. வெலை சொல்ல மாட்டேன், வா."

அப்படித்தான் பழக்கம். நான் பேசியது குறைவு. அவர் செதிலைச் சுரண்டிக்கொண்டே பேசுவார், நான் ப்ரஷ்ஷை மாற்றி மாற்றி வரைந்துகொண்டிருப்பேன். "பொட்டுத் தண்ணி கூட இல்லாத ஊர்ல உக்காந்துட்டு கடல் வரையற பாரு" என்று சிரிப்பார்.

ஒரு தடவை இங்கேதான், கடலோர ஊர்க்காரர் ஒருவர் கமெண்ட் போட்டிருந்தார். 'தங்கச்சி, இது கடற்கன்னி இல்ல, டேம் ஜிலேபி.' அதற்கு ஏகப்பட்ட சிரிப்பு. அக்கவுண்ட்டை மூடிவிடலாம் என்று இருந்தேன். அக்கா போனை வாங்கி, கமெண்ட்டை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"ஆமா, ஜிலேபிதான். கடல்ல இருக்கறவளுக்கு ஜிலேபி வால் வெச்சா தாசில்தாரு வந்து கேப்பாரா? நீ வரை கண்ணு."

அதே நாள்தான் கேட்டார். "என்னைய ஒண்ணு வரையறயா... இந்த மாதிரி?"

போட்டோ எடுக்கவே விடாதவர். போனைத் தூக்கினால், "வேர்த்து வடியறேன், போ" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். வரைவதற்கு மட்டும் உட்கார்ந்தார். ஏகப்பட்ட கண்டிஷன் வேறு. ரெண்டு பக்கமும் மூக்குத்தி வேண்டும். தாலிக்கொடி வேண்டும். "ஜாக்கெட் போட்டு உடு. ஊட்டுக்காரரு பாப்பாரு."

உலகத்திலேயே தாலி கட்டி, ஜாக்கெட் போட்ட கடற்கன்னி அவராகத்தான் இருக்கும்.

முடித்துக் காட்டியபோது ரொம்ப நேரம் வாலையே பார்த்துக்கொண்டிருந்தார். "காலே இல்ல... முட்டி வலின்னு ஒண்ணு இவளுக்கு வரவே வராதுல்ல" என்றார். வாடிக்கையாளர் கூப்பிட்டும் எழுந்து போகவில்லை.

இன்று அந்தப் படத்தைத்தான் அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அக்கா வீட்டுக்காரரே கூப்பிட்டார். அவர் பார்த்ததெல்லாம் டி.பி. வட்டத்துக்குள் இருந்த முகம் மட்டும்தானாம்.

"என்ன சாமி, கீழ மீனா இருக்குது?"

ஆமாங்க மாமா என்றேன்.

"அவ ஆதார் போட்டோவைப் பாத்தா அவ மாதிரியே இல்ல. இதுலதான் இருக்கறா. கீழ மட்டும் சேலை கட்டி உட்ரு சாமி. சொந்தக்காரங்கெல்லாம் வாராங்க."

சரிங்க என்று வைத்துவிட்டேன்.

வால் லேயரை மறைத்தேன். சேலை வரைந்தேன். மடிப்பு வந்தது, கரை வந்தது. கீழே பாதம் வரைய வேண்டும். வரைந்தேன், அன்டூ. திரும்ப வரைந்தேன், அன்டூ. அந்த முட்டியைத் திரும்பவும் வைக்கிற மாதிரியே இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்தேன், எடுத்தேன், வாசலுக்குப் போனேன், வந்தேன்.

அப்புறம் நானாகவே கூப்பிட்டேன். நான் யாருக்கும் போன் செய்து பேசுகிற ஆள் இல்லை. "மாமா... சேலை வேண்டாமுங்க. அக்காவுக்கு அந்த வால் ரொம்பப் புடிச்சிருந்ததுங்க."

அந்தப் பக்கம் அழுகைச் சத்தமும் நாற்காலி இழுக்கிற சத்தமும்தான் கேட்டன.

"அவ எங்கிட்டச் சொல்லவே இல்லியே" என்றார். பிறகு, "தெருவுல அப்படி வெக்க முடியாது சாமி. இடுப்போட நிறுத்திக்கலாம். சேலையும் வேண்டாம், மீனும் வேண்டாம். உன்னோட பேஸ்புக்குல வேணா முழுசாப் போட்டுக்க. அவ பேரும் போடு" என்றார்.

அப்படியே வெட்டி அனுப்பிவிட்டேன். இந்நேரம் பிரிண்ட் ஆகியிருக்கும்.

கீழே இருப்பதுதான் முழுப் படம். ஈஸ்வரி அக்கா. வால், டேம் ஜிலேபிதான்.

சாயங்காலம் எடுக்கிறார்கள். நிறையப் பேர் இருப்பார்கள்... பரவாயில்லை.

நான் வாரேங்க்கா.